அக்காவின் பதினோரு வரிகள்

ஜோகூர் மாநிலத்தில், ஸ்கூடாயில் படித்துக்கொண்டிருந்தபோது என்னிடம் ஒரு பழைய டேப்லட் இருந்தது. தயாரித்த கம்பெனியே அதை மறந்துவிட்டது. புதிய ஆண்ட்ராய்டு அதற்கு வராது என்று சொல்லிவிட்டார்கள். வராது என்று யாராவது சொன்னால் எனக்குக் கை அரிக்கும். இரண்டு மாதத்தில் நானே ஏற்றிவிட்டேன். திரை, ஒலி, கேமரா எல்லாம் வேலை செய்தன. வைஃபை மட்டும் இல்லை. வைஃபை இல்லாத டேப்லட்டின் மேல் ரொட்டி சானாய் வேண்டுமானால் தட்டலாம்.

வைஃபை சிப்போடு பேச டிரைவர் என்று ஒரு நிரல் வேண்டும். கைவசம் இருந்தது பழைய சிஸ்டத்துக்காக எழுதப்பட்டது. புதியதில் போட்டால் பக்கம் பக்கமாகப் பிழை. ஒன்றைத் திருத்தினால் மூன்று முளைக்கும். ஒருநாள் அக்கம்பக்கத்து வைஃபை பெயர்களெல்லாம் திரையில் வரிசையாக வந்து நின்றபோது கத்தியே விட்டேன். ஆனால் திரையை அணைத்து மறுபடி போட்டால் வைஃபை செத்துப்போகும். மூன்று வாரம் அதோடு முட்டிக்கொண்டேன்.

கண்டுபிடித்தது நானில்லை. அதே டேப்லட் வைத்திருப்பவர்களின் சாட் குழுவில் ஒரு அக்கா இருந்தார். பத்து பகாட் என்ற ஊரில் ஒரு துணி ஆலை, அதில் தையல் இயந்திரங்களின் மின்பலகைகளைப் பழுது பார்க்கும் வேலை. “அலமாக், நீயும் ஜோகூரா?” என்று ஆரம்பித்த பழக்கம். பகல் சாப்பாட்டு நேரத்தில் டேப்லட்டைத் தூங்கவைத்து, எழுப்பி, எந்த நொடியில் வைஃபை சாகிறது என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வந்தார். ஒருநாள் போன் செய்தார்.

“தம்பி, உன் டிரைவர் அவசரக்குடுக்கை லா. சிப்புக்கு கரண்ட் வர்றதுக்கு முன்னாடியே போய்ப் பேசுது. கண்ணத் தொறக்காத ஆளுகிட்ட வாய்ப்பாடு கேட்டா எவன் சொல்லுவான்?”

“அவ்வளவுதானாக்கா?”

“அவ்வளவுதானாவா? மூனு வாரமா நீ என்ன பண்ணிக்கிட்டு இருந்தே?”

பதினோரு வரி எழுதி அனுப்பினார். போட்டேன். அப்புறம் வைஃபை சாகவே இல்லை.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. செய்கிற ஒவ்வொரு மாற்றமும் தனித்தனியாகப் பதிவாகும். பக்கத்திலேயே ஒரு சின்னக் குறிப்பும் எழுதியவர் பெயரும் இருக்கும். சம்பளம் இல்லாத இந்த வேலையில் கிடைப்பது அந்தப் பெயர் ஒன்றுதான். அக்காவின் வரிகளும் அவர் பெயரோடுதான் ஏறின. முன்னும் பின்னும் என்னுடைய பதிவுகள், நூற்றுக்கு மேல்: ‘டெஸ்ட்’, ‘மறுபடி டெஸ்ட்’, ‘ஐயோ’, ‘சத்தியமா கடைசி’, ‘சத்தியமா கடைசி 2’.

இணையத்தில் என் பக்கத்தில் வெளியிடும் நாளில் இந்தக் குப்பையை எல்லாரும் பார்ப்பார்களே என்று கூச்சமாகிவிட்டது. எல்லாப் பதிவுகளையும் ஒன்றாகச் சேர்த்துவிட ஒரு கட்டளை இருக்கிறது. கொடுத்தால் பழைய குறிப்புகளையெல்லாம் காட்டி, எது இருக்கவேண்டும் என்று கேட்கும். கீழே இறங்கிக்கொண்டே வந்தேன். அக்காவின் குறிப்பு வந்தது. தெரியாமல் நடந்துவிட்டது என்று அப்புறம் சொல்லியும் இருக்கிறேன். அப்படியில்லை. அந்த இடத்தில் நின்றேன், படித்தேன். நன்றியைப் பிறகு எங்காவது போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டு ‘வைஃபை வேலை செய்கிறது’ என்று ஒரே வரி எழுதினேன். பக்கத்தில் ஒரே பெயர். என்னுடையது.

பாராட்டு குவிந்தது. டேப்லட் தூங்கி எழுந்தாலும் வைஃபை அறுபடவில்லையே, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று ஒருவர் கேட்டார். சிரிக்கிற பொம்மை ஒன்றைப் பதிலாகப் போட்டேன்.

ஒரு மாதம் கழித்து மாமாக் சாப்பாட்டுக் கடையில் தோசை தின்றுகொண்டிருந்தேன். அக்காவின் போன்.

“தம்பி, ஜோகூர் பாருல இன்டர்வியூக்கு வந்திருக்கேன். டிரைவர் எழுதற வேலை. நமக்குத்தான் டிகிரி இல்லையே, நான் எழுதினதுன்னு உன் பக்கத்தத்தான் தொறக்கச் சொன்னேன். பெரிய திரையில தொறந்து வெச்சிருக்காங்க. என் பேரு எங்கப்பா?”

தோசைத் தட்டைத் தள்ளிவிட்டு லேப்டாப்பை இழுத்தேன்.

“அக்கா, அது… ஒன்னாச் சேர்க்கறப்போ போயிருச்சு. லேப்டாப் கையிலதான் இருக்கு. ரெண்டு நிமிஷம், போட்டுடறேன்.”

“வேணாம்.”

“ரெண்டே நிமிஷம்க்கா.”

“நான் தண்ணி குடிக்க வெளிய வந்த நேரத்துல என் பேரு அங்க வந்து ஒக்காந்தா என்ன நெனப்பாங்க? நேரமும் பதிவாகும்ல?”

பதிவாகும்.

“நான் அவங்ககிட்ட பேசவா?”

“நீ யாரு, நான் கூட்டிட்டு வந்த சாட்சியா?” என்றார். உள்ளே கூப்பிட்டார்கள் போல, வைத்துவிட்டார்.

மாலையில் லார்க்கின் பஸ் நிலையத்திலிருந்து மறுபடி கூப்பிட்டார். கோபமாகப் பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“போர்டுல எழுதிக் காட்டினேன் தம்பி, பதினோரு வரியும். ஒருத்தரு பார்த்துட்டு, நல்லா மனப்பாடம் பண்ணியிருக்கீங்கன்னாரு.” பின்னால் பஸ் ஹாரன். “நீ வேணும்னு செய்யலல்ல?”

“இல்லக்கா,” என்றேன்.

பெயரை அழித்ததைவிட இந்த ‘இல்லக்கா’தான் இன்றுவரை என்னை அறுக்கிறது. மூன்று நாள் தாங்கினேன். நான்காம் நாள், பார்த்துத்தான் அழித்தேன் என்று அவருக்கு எழுதினேன். இன்டர்வியூ வைத்த கம்பெனிக்கும் எழுதினேன். ஆள் எடுத்தாகிவிட்டது என்று பதில் வந்தது. லேப்டாப்பில் மிச்சமிருந்த பழைய பதிவுகளை ஒன்றுவிடாமல் வெளியே ஏற்றி, நடந்ததை மேலே எழுதிவைத்தேன்.

அக்கா ஒரே சொல் அனுப்பினார்: “பார்த்தேன்.” அப்புறம் எனக்கு எதுவும் அனுப்பவில்லை. இப்போது தனக்கென்று ஒரு பக்கம் வைத்திருக்கிறார். திருத்தங்களை அங்கேயே போடுகிறார். நான் அங்கே போய், எல்லாரையும் போல எடுத்துக்கொள்கிறேன்.

போன வாரம் யாரோ என் பழைய பதிவுகளைப் படித்துவிட்டு, ‘சத்தியமா கடைசி 2-ஆ?’ என்று கேட்டு விழுந்து விழுந்து சிரித்திருந்தார். கூடவே, ‘நடுவில் ஒன்று மட்டும் எவ்வளவு சுத்தமாக எழுதப்பட்டிருக்கிறது’ என்றும் போட்டிருந்தார். அது நான் எழுதியதில்லை என்று பதில் போட்டேன், அக்காவின் பக்கத்துக்கு வழி காட்டி.