பிஸ்கட் வீட்டுச் சுவரில் பின்னாக்

எங்கள் ஜமைக்கா ஜனங்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஞானஸ்நானத்தில் பிள்ளைக்கு நீளமாக ஒரு பெயர் வைப்போம். அன்று சாயங்காலமே அதைப் பரணில் போட்டுவிட்டுப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பிப்போம். நீளப் பெயர் மறுபடி வெளியே வருவது சவ அடக்கத்தில்தான். பாதிரியார் அதை வாசித்ததும், "யாருப்பா இது? சர்ச் மாறி வந்துட்டமா?" என்று பாதிப் பேர் வாசலைப் பார்ப்பார்கள்.

இங்கிலாந்தில், நாட்டிங்ஹாமில், எங்கள் தெருவில் பிஸ்கட்டைத் தெரியாதவர் கிடையாது. ஊர்ச் சலூன்கள் கறுப்பர் தலையைத் தொட மாட்டோம் என்று சொன்ன காலத்தில், தன் சமையலறை நாற்காலியில் உட்காரவைத்து எங்கள் ஆண்களுக்கெல்லாம் முடி வெட்டியவர். தலையை ஆட்டாமல் இருந்தால் ஒரு பிஸ்கட். தலை நரைத்த கிழவனுக்கும் அதே சட்டம்தான். அதில் ஒட்டிய பெயர். கட்டிய மனைவியும் கடைசிவரை அப்படியே கூப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடினாள்.

அக்டோபரில் கறுப்பர் வரலாற்று மாதம் வருகிறது என்று நூலகத்துப் பெண் கெசையா தெருவுக்கு ஒரு விழா ஏற்பாடு செய்தாள். பழைய படங்கள், ஊர்வலம், பிஸ்கட் வீட்டுச் சுவரில், பெரிய மனிதர் வாழ்ந்த வீடு என்று ஊருக்குச் சொல்லும் ஒரு நீலப் பலகை.

"பலகைல பிஸ்கட்னே போட்டுடலாமா அங்கிள்?"

"வேணாம்மா. எக்பர்ட் தியோஃபிலஸ் பின்னாக்னு போடு. எங்கம்மா வச்ச பேரு. உசுரோட இருக்கும்போதே ஒரு தடவ இந்த ஜனங்க வாயால அதக் கேட்டுடணும். பொட்டிக்குள்ள படுத்துக்கிட்டு கேட்டு என்ன பிரயோஜனம்? யார்கிட்டயும் மூச்சு விடாத. அன்னைக்கு அவங்க மூஞ்சியப் பாக்கணும் நான்."

அந்தப் பெண்ணும் மூச்சு விடவில்லை. சுவரொட்டி மட்டும் ஒட்டினாள்: "எக்பர்ட் தியோஃபிலஸ் பின்னாக் நினைவுப் பலகைத் திறப்பு." வந்தது வினை. முழுப்பெயரைப் பார்த்ததுமே ஆள் செத்துவிட்டான் என்று தெரு முடிவு கட்டியது. ஆள் யார் என்பதுதான் தெரியவில்லை.

பிஸ்கட்டின் டாமினோ ஆட்டக் கூட்டாளி டிரம் கொதித்துப் போனான். மேசை காலொடியக் காய் அடிக்கிறவன் அவன்.

"பின்னாக்காம்! எந்தப் பின்னாக்? முடி வெட்டுனது நம்ம பிஸ்கட்டு, பலகை எவனோ ஒருத்தனுக்கா? எப்பவும் இதே கதைதான்!"

நியாயமான கோபம். ஆனால் எதிரியே ஆனாலும் சாவுக்கு வெறுங்கையோடு போவது எங்கள் வழக்கமில்லை. நான் ஒரு அண்டா ஆட்டுக்கறி சமைத்தேன்.

விழா அன்று தெருவில் பாதிப் பேர் கறுப்பு உடுத்திக் கறிச்சட்டியோடு நின்றோம். மீதிப் பேர் "பின்னாக் ஒழிக" என்று அட்டை பிடித்திருந்தார்கள். சிலர் இரண்டுமாக வந்திருந்தார்கள். புதுக் கோட்டு போட்டுப் படியேறிய பிஸ்கட், எங்கள் முகங்களைப் பார்த்தார். அவர் ஆசைப்பட்ட முகங்கள் இல்லை அவை.

"நான்தாங்க பின்னாக்!" என்று கத்தினார்.

"மெரட்டிச் சொல்ல வச்சிருக்காங்க!" என்றான் டிரம். "பயப்படாத பிஸ்கட்டு! நீ யாருன்னு எங்களுக்குத் தெரியும்!"

"அவரேதான் ஆன்ட்டி, சத்தியமா!" என்று கெசையா என் கையைப் பிடித்தாள். நான் நம்பவில்லை. பிஸ்கட்டை எனக்கு ஐம்பது வருஷமாகத் தெரியும், நேற்றுப் பிறந்த இவள் எனக்குச் சொல்கிறாளா?

பிஸ்கட்டும் விடவில்லை. "டேய் டிரம், உன் கல்யாணத்துக்கு முடி வெட்டுனது யாரு? காதுல கீறிட்டேன்னு நீ அழல?"

"பாத்தீங்களா? இவன் பிஸ்கட்டேதான்!" கூட்டம் கை தட்டியது. வாயைத் திறக்கத் திறக்க அவர் பிஸ்கட் ஆகிக்கொண்டே போனார்.

சாவு என்று எண்ணி வந்த பாதிரியார், சத்தம் தாங்காமல் பைபிளைப் பிரித்து, "எக்பர்ட் தியோஃபிலஸ் பின்னாக்" என்று நிறுத்தி வாசித்தார். கேட்ட மாத்திரத்தில் தெரு அடங்கியது. அட்டைகள் இறங்கின, தொப்பிகள் கழன்றன. பெண்கள் விம்மினோம். முன்பின் தெரியாதவனுக்காக அப்படி அழுதோம். படியில் உட்கார்ந்து பிஸ்கட்டும் அழுதார்.

டிரம் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். "அழாதடா. அவன் அவ்ளோ பழக்கமா உனக்கு?"

"எங்கம்மாவுக்குத்தான் பழக்கம். அவ போனப்புறம் ஒருத்தரும் கூப்பிடல."

டிரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். கறித்தட்டைக் கீழே வைத்தான்.

"எக்பர்ட்டு?" என்றான், மெதுவாக.

"என்னடா?"

அந்த 'என்னடா' வந்த வேகத்தில் டிரம்முக்கு விஷயம் உறைத்தது. அவர் தோளை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, தெருவே கேட்க ஓவென்று அழுதான்.

"அடப்பாவி, செத்தது நீயாடா!"