பீலித் தண்ணீரில் எரிந்த பல்புகள்

லைட் எரிகிறவரை எங்கள் தொழிலில் இருப்பவனை யாரும் நினைப்பதில்லை. அணைந்த மறுநிமிஷம் தோட்டத்து வரிசை வீடுகளில் அவன் பேர் லயம் லயமாகக் கேட்கும்.

தொண்ணூறுகளின் கடைசியில், ஹட்டனுக்கு மேலே, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சின்னப் பிரதேச சபையில் நான் மின்வேலைக்காரன். மின்சாரசபையின் கம்பி எங்கள் பக்கம் இன்னும் ஏறி வரவில்லை. சபைக் கட்டடங்களுக்கு வெயிலிலும் ஓடைத் தண்ணீரிலும் வெளிச்சம் கொடுக்கலாம் என்று சபைத் தலைவரான தவிசாளர் ஒரு கூட்டத்தில் சொல்லிவிட்டார். கைதட்டல் அவருக்கு, ஏணி எனக்கு. கையில் குறடோடு மலையேறி இறங்கியவர்களுக்கு மிச்சத்தைச் சொல்லாமலே புரியும்.

ஒன்பது நாள் பனி

முதல் சோலார் தகட்டை பஜாரில் இருந்த நூலகத்தின் கூரையில் பூட்டினோம். நூலகர் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த அம்மா. பேப்பர் மடிப்புக் கலையாமல் வாசிக்கச் சொல்லுகிற கண்டிப்பு. திறப்பு விழா அன்று நல்ல வெயில். இரண்டு டியூப் லைட்டும் பளிச்சென்று எரிந்தன. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் ஆறு மணிக்குப் பிறகும் உட்காரலாம் என்று அந்த அம்மாவே நோட்டீஸ் எழுதி ஒட்டினார்.

மறுநாள் பனி இறங்கியது. ஒன்பது நாள் எதிர்வீட்டுக் கூரையே தெரியவில்லை. நாலாம் நாள் பேட்டரி படுத்துவிட்டது. நான் தினமும் ஏணி வைத்து ஏறி, ஈரத் துணியால் தகட்டைத் துடைத்துவிட்டு இறங்குவேன். துடைத்தால் பனி போய்விடும் என்கிற மாதிரி. ஒன்பதாம் நாள் அந்த அம்மா வாசலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அமைதியாகச் சொன்னார்: "தம்பி, உதுக்கு வெயில் வேணுமெண்டு முந்தியே சொல்லியிருந்தால், நான் யாழ்ப்பாணத்திலயே பூட்டிப்போட்டு வந்திருப்பன்."

பாதிப் பாதி

தாய்சேய் நிலையம் மலைச்சரிவை வெட்டிக் கட்டியது. பின்பக்கக் கூரையில், மேலே போகிற பாதையில் நின்றபடியே கை வைக்கலாம். அங்கே பூட்டிய தகடு நல்ல வெயிலிலும் பேட்டரியை நிரப்பவில்லை. வயரைக் கழற்றினேன், மாட்டினேன், மீட்டரை வைத்துப் பார்த்தேன். குறை ஒன்றும் தெரியவில்லை.

மூன்றாம் நாள் சொல்லாமல் கொள்ளாமல் மத்தியானம் போனேன். தகடு முழுக்க ஒரு நனைந்த கம்பளி விரித்திருந்தது. ஓரத்தில் இரண்டு குழந்தைச் சட்டை வேறு. பக்கத்து லயத்துச் செல்லாயி அக்கா கம்பளியை மறுபக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். கொழுந்து பறிக்கிற கை, வேகமான கை. கண்ணாடி சுடுகிறது, ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடுகிறது என்று எனக்கே விளக்கினார். மூடினால் கரண்டு வராது அக்கா என்றேன். யோசித்துப் பார்த்துவிட்டு நியாயமாகத்தான் கேட்டார்: "காலையில வார வெயில நீங்க எடுத்துக்கிருங்க, மத்தியான வெயில எங்களுக்கு விடுங்க, என்ன தம்பி?"

யார் கையில் வால்வு

வெயில் போதவில்லை என்றதும் ஓடைக்குப் போனோம். மேலே தண்ணீரைத் தடுத்து, குழாய் வழியாக லயங்களுக்குக் கீழே ஒரு சின்னக் கொட்டகைக்குக் கொண்டுவந்து, அங்கே டர்பைனைச் சுற்ற விட்டோம். தாய்சேய் நிலையத்துக்கும் பாலர் பாடசாலைக்கும் கரண்டு. ஓட்டிப் பார்த்த அன்று சாயங்காலம் பல்புகள் எரிந்தன. நான் பெருமையோடு மேலே ஏறினேன்.

ஓடைத் தண்ணீர் வந்து விழுகிற பீலியடியில் நாற்பது பெண்கள் வாளியோடு நின்றிருந்தார்கள். லயத்துக்குக் குடிக்கவும் குளிக்கவும் இருக்கிற ஒரே தண்ணீர் அந்தப் பீலிதான். காலில் அட்டைக்கடியும் முதுகில் நாள் முழுக்கச் சுமந்த வலியுமாக வந்தவர்களுக்கு, அதில் தண்ணீர் நூல் மாதிரி ஒழுகிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் குழாயை அடைத்தேன்.

மறுநாள் சபையில் கூட்டம், லயத்துப் பெண்களும் வந்திருந்தார்கள். தடுப்பூசி வைக்கிற பெட்டிக்குக் கரண்டு வேண்டும் என்றார் தவிசாளர். உங்க வீட்டுத் தண்ணியை நிறுத்தி வையுங்க என்றார் செல்லாயி அக்கா. கடைசியில் பேச்சு முடிந்தது: காலையும் மாலையும் இரண்டிரண்டு மணி நேரம் தண்ணீர் பீலிக்கு, மற்ற நேரம் டர்பைனுக்கு. வால்வைத் திறந்து மூடுகிற பொறுப்பு எனக்கு என்று தவிசாளர் எழுதப்போனார். அக்கா குறுக்கே கை நீட்டினார்: "சாவி எங்ககிட்ட இருக்கட்டும், கரண்டு வேணும்னா நீங்க மனு எழுதிக் குடுங்க."

எரிபொருள் விபரம்

மேலிடத்திலிருந்து மாதாமாதம் ஒரு படிவம் வரும். ஒவ்வொரு கட்டடத்துக்கும் பாவித்த எரிபொருள் எது, எவ்வளவு என்று கட்டம். ஓடைக்கு நான் 'இல்லை' என்று எழுதினேன். திரும்பி வந்தது. 'தண்ணீர்' என்று எழுதினேன். அளவில்லை என்று மறுபடி வந்தது. மூன்றாம் தடவை நானே பஸ் பிடித்துப் போனேன். அங்கே இருந்த சிங்கள எழுதுவினைஞர் வயதானவர், நல்ல மனுஷன். எனக்கு ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வழியும் சொன்னார்: "மழை பெஞ்சா 'கெடச்சது' எழுதுங்க, பெய்யல்லையா 'கையிருப்பு இல்ல' எழுதுங்க, எனக்குக் கட்டம் நெறஞ்சா போதும்."

மண் சரிந்த அன்று

இதை மட்டும் சிரித்துக்கொண்டு சொல்ல முடியாது. ஐந்து நாள் விடாத மழை. ஹட்டன் பாதையில் மண் சரிந்து வண்டி ஒன்றும் போகவில்லை. அன்று மத்தியானம் மகேஸ்வரி என்ற பிள்ளைக்கு வலி எடுத்தது. தலைப்பிரசவம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை. தாய்சேய் நிலையத்துக்குத் தூக்கி வந்தார்கள்.

மூன்று மணிக்கே இருட்டு. சோலார் பேட்டரி எப்போதோ இறங்கிவிட்டது. டர்பைனும் நின்றிருந்தது. மிட்வைஃப் மிஸ் சிங்களத்தியானாலும் எங்கள் தமிழ் பேசுவார். வெளியே வந்து என்னிடம், "குப்பி லாம்புல ரத்தம் எவ்வளவு போகுதுன்னு எனக்குத் தெரியாது, லைட் தாங்க" என்றார்.

ஓடைக்கு வழுக்கி வழுக்கி ஏறினேன். குழாயின் வாய் சேற்றிலும் சருகிலும் மூடிக் கிடக்கும், தனியாளாக என்ன செய்வேன் என்று பயந்துகொண்டே போனேன். அங்கே செல்லாயி அக்காவும் ஏழெட்டுப் பெண்களும் இடுப்பளவு தண்ணீரில் நின்று வாளியால் சேற்றை அள்ளி வீசிக்கொண்டிருந்தார்கள். நானும் இறங்கினேன். கை மரத்துப்போய், கல் எது விரல் எது என்று தெரியவில்லை. தண்ணீர் குழாய்க்குள் இறங்குகிற சத்தம் கேட்டபோது நாலரை மணி. பீலிக்குத் தண்ணீர் விடுகிற நேரம். நான் அக்கா முகத்தைப் பார்த்தேன். "ஒரு நாள் குளிக்கலேன்னா செத்துப்போக மாட்டோம், நீ கீழ ஓடு" என்றார்.

கொட்டகைக்குள் டர்பைன் முனகிச் சுற்றியது. கீழே தாய்சேய் நிலையத்து ஜன்னல் மஞ்சளாயிற்று. நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். ஆறு மணிக்கு முன்னால் குழந்தை அழுகிற சத்தம் வந்தது. பெண் குழந்தை. ரத்தம் அதிகம் போனது, லைட் இருந்ததால் பார்த்து நிறுத்தினேன் என்று மிஸ் பிறகு சொன்னார்.

கிளினிக் நாளில் மகேஸ்வரியைப் பார்த்தேன். அந்த லைட்டைப் பற்றி ஊரே பேசுது என்று சொன்னேன். குழந்தையை மறுதோளுக்கு மாற்றியபடி அவள் சொன்னாள்: "ஆமாண்ணே, லைட்டு வந்ததும் எல்லாரும் பல்பத்தான் அண்ணாந்து பாத்தாங்க, அங்க புள்ள பெத்துக்கிட்டிருந்தது நானு."

இப்போது எங்கள் பக்கமும் மின்சாரசபையின் பெரிய கம்பி வந்துவிட்டது; லைட் போனால் திட்டுவதற்குரிய ஆள் எங்கே இருக்கிறான் என்று ஒருவருக்கும் தெரியாததைத் தவிர வேறு குறையில்லை.