பவதாரணிக்குக் கொடுத்த மோர்

பெயர்தான் மகாராணி. விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டைத் தாண்டிக் கேரளத் தோட்டத்தில் ஏலக்காய் எடுத்துவிட்டு, பொழுது சாய இறங்குகிற சோலி. யானை நிற்கிற காட்டுக்குள்ளேயே பயப்படாமல் போய்வருகிற பொம்பளை. அவளை நடுங்க வைத்தது மகள் பவதாரணியின் வயிறு.

தின்றதெல்லாம் பேதியாகப் போய், மூன்றாம் வகுப்புப் பிள்ளை எலும்பும் தோலுமாகிவிட்டாள். மதுரையில் ஒரு டாக்டரம்மாதான் கண்டுபிடித்தார். சீலியாக் என்று பெயராம். கோதுமையின் பசைச்சத்து உள்ளே போனால், இவள் உடம்பே இவள் குடலைப் புண்ணாக்கும். பரோட்டா, ரவை, சேமியா எதுவும் ஆயுசுக்கும் ஆகாது.

"எங்க வம்சத்துலயே இல்லையே டாக்டரம்மா, இவளுக்கு மட்டும் ஏன் வந்துச்சு?"

"பிறவியிலயே அதுக்கு வாய்ப்பு இருந்திருக்கும்மா. குடல்ல குடியிருக்கிற கிருமிகளுக்கும் இதுல பங்கு இருக்கலாம்னு ஆராய்ச்சி நடக்குது. சில கிருமி நோயைத் தூண்டலாம், சில நல்ல கிருமி தணிக்கலாம். ஆனா அதை வச்சு இன்னும் மருந்து வரல. கோதுமையை ஒதுக்குறதுதான் ஒரே வழி."

பயந்தவளுக்குப் பின்பாதியா மனதில் நிற்கும்? நல்ல கிருமியை மட்டும் பிடித்துக்கொண்டாள். அது மோரில் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். மறுநாளிலிருந்து ஜீப்பேறுமுன் பிள்ளைக்கு ஒரு சொம்பு மோர். வெறும் மோருக்குப் பிள்ளை முகம் சுளித்தாள். வயிற்றுக்கும் நல்லதாயிற்றே என்று பெருங்காயத்தூளைத் தாராளமாகப் போட்டுக் கலக்கினாள்.

கோதுமையை வீட்டுப் பக்கமே அண்டவிடவில்லை. அப்படியும் பேதி நிற்கவில்லை. தோட்டத்தில் சூப்பர்வைசர் "மகாராணி சேச்சி" என்று கூப்பிட்டாலே, பிள்ளை போய்விட்டாள் என்று சொல்லத்தான் வருகிறானோ என்று எடுத்த காயைப் போட்டுவிட்டு எழுந்துவிடுவாள். பயம் கூடக் கூட மோரும் கூடியது, பெருங்காயமும் கூடியது. கடைசியில் பிள்ளை பள்ளிக்கூடத்திலேயே மயங்கி விழுந்தாள்.

தூக்கிக்கொண்டு மதுரைக்கு ஓடினாள். "என்னென்ன குடுக்குறீங்க? ஒண்ணு விடாமச் சொல்லுங்க" என்றார் டாக்டரம்மா. மோரைப் பற்றிச் சொன்னதும், "பெருங்காய டப்பாவுல என்ன எழுதியிருக்குன்னு பாத்தீங்களா?" என்று கேட்டார். மகாராணி வீட்டிலிருந்த புருஷனுக்குப் போன் போட்டாள். அவன் டப்பாவைத் திருப்பி எழுத்துக்கூட்டிப் படித்தான். "கோதுமை மாவுன்னு போட்டிருக்குடி."

"அடிப்பாவி, நானே குடுத்தேனே! என் கையாலயே குடுத்தேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். பெஞ்சில் சாய்ந்து கிடந்த பவதாரணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பல பேருக்கு இது தெரியாதும்மா. நிறுத்திட்டா குடல் மெல்ல ஆறிரும்" என்றார் டாக்டரம்மா. அவர் சொன்னபடியே பேதி நின்றது. பிள்ளை கன்னத்தில் கொஞ்சம் சதையும் வைத்தது.

ஒரு சாயங்காலம் மகாராணி சோறும் பருப்பும் பிசைந்து வைத்தாள். பவதாரணி தட்டில் கை வைக்கவில்லை.

"தின்னு ஆத்தா. எல்லாம் பாத்துப் பாத்துத்தான் போட்டிருக்கேன்."

"நீ மொதல்ல தின்னும்மா."

மகாராணி ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டாள். அதில் கோதுமையே கிடந்தாலும் அவளை ஒன்றும் செய்யாது. அது பிள்ளைக்கும் தெரியும். அவள் விழுங்கி முடித்த பிறகும் பவதாரணி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.