தேன்மொழியின் நிறத்துக்கு ஒரு மானிட்டர்

வியாழக்கிழமை காலை எட்டரை மணிக்கு மாமல்லபுரம் பேருந்து நிலையத்தில் நானும் என் வீட்டுக்காரர் ரவியும் செங்கல்பட்டு வண்டி ஏறினோம். திருக்கழுக்குன்றம் வழியாக முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, டிக்கெட் ஆளுக்கு இருபத்தைந்து ரூபாய். என் கைப்பையில் ஒரு பென் டிரைவ், மடியில் வெள்ளை வேட்டியில் சுற்றிய ஒரு பட்டுப்புடவை. அந்தப் புடவை என்னுடையதல்ல.

ரவி கல்யாணங்களைப் படம் பிடிப்பார், நான் வீட்டில் உட்கார்ந்து எடிட் செய்வேன். போன மாதம் திருக்கழுக்குன்றத்தில் தேன்மொழி என்ற பெண்ணுக்குக் கல்யாணம். நல்ல கருப்பு. அப்படி ஒரு களையான முகத்தை நான் திரையில் பார்த்து நாளாகிறது. வீடியோவை அனுப்பிய அன்றே போன் செய்தாள். திட்டவில்லை, அழவும் இல்லை. "அக்கா, இதுல கீறது யாருக்கா?" என்று மட்டும் கேட்டாள். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

பழி முழுக்க என் கிழட்டு மானிட்டருக்கு. வயசாகி அது மஞ்சளித்துப் போயிருக்கிறது. அந்த மஞ்சளைப் போக்குவதாக நினைத்து நான் நீலத்தை ஏற்ற, மற்றவர்கள் திரையில் அவள் சாம்பல் பூசியவள் மாதிரி வந்துவிட்டாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டில் சொந்தபந்தமெல்லாம் கூடி டிவியில் போட்டுப் பார்க்கப் போகிறார்களாம். அதற்குள் ஒரு நல்ல திரை வாங்கி, எல்லாவற்றையும் திருத்திக் கொடுக்க வேண்டும். புகுந்த வீட்டில் அந்தப் பெண் தன் முகத்தை அப்படிப் பார்த்துக்கொண்டு உட்காரக் கூடாது. கடையில் நிறத்தை ஒத்துப் பார்க்கத்தான் அவளுடைய முகூர்த்தப் புடவையை முந்தின நாளே கேட்டு வாங்கியிருந்தேன்.

திருக்கழுக்குன்றத்தில் வண்டி நின்றதும் ரவி ஜன்னலில் தலையை நீட்டி மலை உச்சியைப் பார்த்தார். கோயில் சோற்றுக்குக் கழுகு வருவது நின்று எத்தனையோ வருஷமாயிற்று. இவர் மட்டும் ஒவ்வொரு தடவையும் பார்ப்பார். நான் கேலி செய்வதை விட்டுவிட்டேன்.

ஒன்பதே முக்காலுக்குச் செங்கல்பட்டு. முதலில் நுழைந்த கடையில் வளைந்த திரை ஒன்றைக் காட்டி, வேகமான விளையாட்டுக்கெல்லாம் பிரமாதம் என்று புகழ்ந்தார்கள். எனக்கு எதற்கு வேகம்? மாப்பிள்ளை தாலி கட்டுவது எல்லா ஊரிலும் ஒரே வேகத்தில்தான் நடக்கிறது. வளைந்த திரையில் மணமேடைத் தூண் நேராக நிற்கிறதா, சாய்ந்து நிற்கிறதா என்று கண்டுபிடிப்பதற்குள் என் கழுத்து சாய்ந்துவிடும்.

இரண்டாவது கடை, தாடி நரைத்த ஒரு பாயுடையது. ஐந்து மானிட்டர்களை வரிசையாக வைத்திருந்தார். குத்துமதிப்பாகக் கொஞ்சம் நீலத்தைக் குறைத்து நான் பென் டிரைவில் கொண்டுபோன வீடியோவை எல்லாவற்றிலும் ஓடவிட்டார். ஐந்து திரையில் ஐந்து தேன்மொழி. வாங்கப் போகிறவர்கள் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்: கடையில் வைக்கும் திரைகளில் நிறத்தைக் கண்ணைப் பறிக்கிற மாதிரி ஏற்றி வைத்திருப்பார்கள். மெனுவுக்குள் போய் எஸ்ஆர்ஜிபி என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்தால்தான் திரையின் சொந்த முகம் தெரியும். அப்படிச் செய்ததும் மூன்று கழன்றுகொண்டன. மிஞ்சியவை இரண்டு, எட்டாயிரத்து ஐந்நூறுக்கு ஒன்று, பதின்மூன்றாயிரத்து நானூறுக்கு ஒன்று.

புடவையைக் கண்ணாடி மேசைமேல் விரித்தேன். மயில்கழுத்துப் பட்டு. ஒரு திரையில் நீலம் தூக்கலாக இருந்தது, இன்னொன்றில் பச்சை. புடவை பச்சை என்றார் ரவி. நீலம் என்றேன் நான். அவர் நின்ற பக்கம் போய்ப் பார்த்தால், அட, பச்சைதான். நெடுக்கே ஓடும் பாவு ஒரு நிறம், குறுக்கே ஓடும் ஊடை ஒரு நிறமாக நெய்த புடவை, ஆள் நகர்ந்தால் அதுவும் நிறம் மாறுகிறது. நிறம் ஒத்துப் பார்க்க உலகத்திலேயே உதவாத புடவையை ஊரெல்லாம் சுமந்து வந்திருக்கிறேன். இருபது வருஷமாகப் பட்டுக் கட்டுகிற எனக்கு இது உறைக்கவே இல்லை. ரவி சிரிப்பை அடக்கியதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

வேறு வழியில்லாமல் தேன்மொழிக்கே போன் செய்தேன். அவளுக்கு மறைமலைநகரில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை. காலை ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் மூன்று மணிக்கு மேல் செங்கல்பட்டில் இறக்கிவிடும், நேராகக் கடைக்கே வந்துவிடுகிறேன் என்றாள். அதுவரை பிரியாணி சாப்பிட்டுவிட்டுக் கொளவாய் ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தோம். ரவி புடவை மூட்டையில் தலை வைக்கப் பார்த்தார். கொடுத்தேன் ஒன்று.

மூன்றரைக்கு வந்தாள். கம்பெனிச் சட்டை, கழுத்தில் இன்னும் வெளுக்காத மஞ்சள் கயிறு, முகமெல்லாம் அலுப்பு. பாயிடம் கெஞ்சி இரண்டு மானிட்டரையும் வாசல் வெளிச்சத்துக்குப் பக்கத்தில் நகர்த்தினோம். அவளை நடுவில் நிற்க வைத்தேன். நேரே பார்த்தால் இரண்டுமே பரவாயில்லை. பக்கவாட்டில் நகர்ந்ததும் விலை குறைந்த திரையில் அவள் முகம் இருண்டு போனது. மற்றது ஐபிஎஸ் என்ற வகைத் திரை, எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் அவள் அவளாகவே இருந்தாள். திரையில் மிச்சமிருந்த சாம்பல்கூட இப்போதுதான் என் கண்ணுக்குத் தெரிந்தது. அங்கேயே பாயின் கம்ப்யூட்டரில், அவளைப் பார்ப்பதும் திரையைப் பார்ப்பதுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக நீலத்தை இறக்கினேன்.

பாய் நல்ல மனசோடுதான் கேட்டார். "இன்னும் கொஞ்சம் செவப்பா காட்டுற மாதிரியும் வெச்சுக்கலாம்மா. வெக்கட்டா?"

"வேணா பாய்," என்றாள் தேன்மொழி. "கல்யாணத்துக்கு வந்தவங்க எல்லாம் என்னைப் பாத்துட்டாங்களே."

நாங்கள் மூவரும் சிரித்துவிட்டோம். அவள் சிரிக்காமல் திரைக்கு இன்னும் கிட்டே போய் நின்று பார்த்தாள். "இதான்க்கா நானு" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்.

பதின்மூன்றாயிரத்து நானூறையும் கொடுத்துவிட்டு, இருபத்துநாலு அங்குலப் பெட்டியோடு பஸ் ஏறினோம். கண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கெட் கிழித்தார். தேன்மொழி புடவையை வாங்கிக்கொண்டு திருக்கழுக்குன்றத்தில் இறங்கிக்கொண்டாள். எங்கள் வீட்டு ஜன்னலில் கடல் வெளிச்சம் கண்ணைக் கூச வைக்கும், செங்கல்பட்டுக் கடையின் அடக்கமான வெளிச்சம் இங்கே கிடையாது. ரவி பழைய போர்வையைக் கிழித்துத் திரைச்சீலை கட்டிக் கொடுத்தார். சனிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து அனுப்பிவிட்டேன்.

ஞாயிறு முழுக்கப் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து மணி வாக்கில் கூப்பிட்டாள். பின்னால் ஒரே சத்தம், நாதஸ்வரம் வேறு. ரவியும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"அக்கா, எங்க மாமியாரு டிவிகிட்ட போயி, என் மூஞ்ச ரெண்டு கையாலயும் வழிச்சு நெட்டி முறிக்கிறாங்கக்கா. நான் பக்கத்துலயே குந்திகினு கீறேன், பொண்ணு இங்க கீதுன்னு கூட நெனப்பு இல்ல."

அதற்குள் "அடியே, இங்கயா கீற!" என்று வயதான குரல் ஒன்று நெருங்கி வந்தது. விரல் நெட்டி முறிக்கிற சத்தம் போனுக்கு வெகு பக்கத்தில் கேட்டது.