வெயிலைக் கறந்தவள்

பாச்சாங் சந்தையில் கீரை விற்பவர்கள் என்னைக் கண்டாலே சிரிப்பார்கள். இது எந்த மண்ணில் முளைத்தது, பக்கத்தில் மருந்து அடித்தார்களா என்று கேட்காமல் நான் ஒரு கட்டுக்கூட வாங்குவதில்லை. சிரிக்கட்டும். அவர்களில் யாரும் அந்த ஆண்டு நியாலாஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருந்ததில்லை.

ரப்பர் விலை விழுந்து, ஆளுக்குப் பாதி வேலைதான் என்றிருந்த காலம். என் மூத்த பிள்ளை அப்போது கைக்குழந்தை. மலேரியாக் காய்ச்சலில் படுத்து எழுந்த எனக்குத் தாய்ப்பால் அடியோடு வற்றிவிட்டது. சுற்றிலும் பால் மரங்கள். காலையில் வாளி வாளியாகப் பால் எடுப்போம். அதில் ஒரு சொட்டுகூட என் பிள்ளைக்கு ஆகாது. அந்த எரிச்சல் எனக்கு இன்னும் தீரவில்லை. அவன் உயிர் எங்கள் ஒரே மாட்டின் மடியில் இருந்தது.

ரப்பர் காட்டுக்குள் வெயில் தரைக்கு வராது. மேலே இருக்கிற இலைகளே முழுவதையும் குடித்துவிடும். வெயில் விழாத இடத்தில் புல் ஏது? கூலிக்காரர்கள் நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் ஒரு சரிவில் மட்டும், காற்றில் மரங்கள் சாய்ந்துபோய் வானம் திறந்து கிடந்தது. அங்கே லாலாங் புல் இடுப்பளவு நின்றது. அதன் குருத்தையும் அடியில் படர்ந்த சின்னப் புல்லையும் மாடு நாள் முழுக்க மேயும். கொடுப்பதோ கொஞ்சம் பால். மீதியெல்லாம் எங்கே போகிறது என்று எனக்குக் கோபமாக வரும். விடிகாலைக் குளிரில் அதன் விலாவில் தலை சாய்த்துக் கறக்கும்போது புரியும். அடுப்பைப் போலச் சூடு. தின்ற புல்லில் பெரும்பங்கு அந்தச் சூட்டுக்கும் மூச்சுக்கும் நடைக்குமே செலவாகிவிடுகிறது. பாலாக வந்ததிலும் பாதியை என் பிள்ளை அழுதும் உதைத்துமே தீர்ப்பான். மிஞ்சியதுதான் அவன் தொடையில் சதையாக ஒட்டியது. நான் இப்படிப் புலம்புவதைக் கேட்டு என் வீட்டுக்காரர், "அப்ப நீ மாட்டக் கறக்கல புள்ள, வெயிலக் கறக்குற" என்று கேலி செய்வார். எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது.

ஒரு நாள் எங்களை வேலை வாங்குகிற மண்டோர் லயத்துக்கு வந்தார். "பின்னால இருக்குற லாலாங்குக்கு மருந்து அடிக்கப் போறோம். ஆடு மாட்டக் கட்டிப் போட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மருந்து என்ற அந்தச் சொல்தான் கெடுத்தது. எங்களுக்கு மருந்தென்றால் காய்ச்சலுக்கு வரிசையில் நின்று விழுங்குகிற கொய்னா. வாயெல்லாம் கசக்கும், ஆனால் எழுப்பி உட்கார வைக்கும். பக்கத்து வீட்டு அக்கா தன் ஆடுகளை வழக்கம்போல அவிழ்த்தே விட்டார். "மருந்துதானே தங்கச்சி, ஒண்ணும் ஆகாது லா" என்றார். விஷம் அடிக்கப் போகிறோம் என்று மண்டோர் சொல்லியிருந்தால் ஒரு குஞ்சுகூட வெளியே போயிருக்காது.

மருந்து அடித்தவர்களில் என் வீட்டுக்காரரும் ஒருவர். குளித்துவிட்டு வந்தால்தான் பிள்ளையைத் தொட விடுவேன். "ஒதட்டுல தெறிச்சா உப்புக் கரிக்குது புள்ள" என்று அவர் ஒரு நாள் சொன்னார். உப்பென்றால் எந்த மாடும் விடாது. அன்றிலிருந்து மாட்டை இரட்டைக் கயிற்றில் கட்டி, சாலையோரம் போய்ப் புல் அறுத்து வந்து போட்டேன்.

லாலாங் நுனியிலிருந்து பழுக்கத் தொடங்கியது. பிறகு வெட்டுக்கிளிகள் காய்ந்து உதிர்ந்து கிடந்தன. அவற்றைப் பொறுக்க வந்த மைனாக்கள் சிறகு விரித்தபடி விழுந்தன. ஓர் உடும்பு மைனா ஒன்றைக் கவ்விக்கொண்டு போனதை நானே பார்த்தேன். மறுநாள் அந்த உடும்பு ஓடைக்கரையில் மல்லாந்து கிடந்தது. அக்காவின் ஆடுகளும் ஒவ்வொன்றாகப் போயின. அவர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். எனக்குத் துக்கத்தைவிடப் பயம்தான் பெரிதாக இருந்தது. வெயில் ஏறி வந்த அதே வழியில்தான் இதுவும் ஏறிக்கொண்டிருந்தது. புல், பூச்சி, பறவை, உடும்பு என்று அந்தப் பக்கம் போயிற்று. என் பக்கத்தில் புல்லுக்கு அடுத்தது மாடு. மாட்டுக்கு அடுத்து ஒரே ஒரு வாய்.

ஒரு மத்தியானம் வேலையிலிருந்து திரும்பினேன். கயிறு அறுந்து கிடந்தது. மாடு சரிவில் நின்று, பழுத்த புல்லை நக்கி நக்கித் தின்றுகொண்டிருந்தது. அவ்வளவு ஆசையாக அது மேய்ந்து நான் பார்த்ததே இல்லை. அடித்து இழுத்து வந்தேன். சாயங்காலம் வரை அதற்கு ஒன்றும் ஆகவில்லை. மடி நிறையப் பால் இறங்கியிருந்தது. பிள்ளை பசியில் வீரிட்டுக்கொண்டிருந்தான்.

"கொஞ்சந்தான் தின்னுருக்கும். நல்லாக் காய்ச்சிக் குடு" என்றார் வீட்டுக்காரர்.

"காய்ச்சினா பால்தான் காயும். உள்ள இருக்கறது காயுமா?" என்றேன்.

மடி கட்டிக்கொள்ளக் கூடாதே என்று கறந்தேன். கறந்த பாலைப் பின்கட்டில் குழி தோண்டி ஊற்றி மண்ணைத் தள்ளினேன். அவர் கத்தினார். பிள்ளையைக் கொல்லப் பார்க்கிறாயா என்று கேட்டார். நானும் விடவில்லை, வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். ஓடைத் தண்ணீரில் நொய்யைக் குழைய வேகவைத்து, கஞ்சியை வடித்து, துணியில் நனைத்துப் பிள்ளையின் வாயில் பிழிந்தேன். அவன் துப்பினான், அழுதான், கடைசியில் களைத்துப்போய்க் குடித்தான்.

மறுநாள் காலையில் மாடு எழுந்திருக்கவில்லை. மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. என் வீட்டுக்காரர் அதன் பக்கத்தில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்க்காமல் அழுதார். இறைச்சிக்காகக் கத்தியோடு சிலர் வந்தார்கள். பஞ்ச காலம், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அரிவாளோடு மாட்டின் தலைமாட்டில் நின்றுகொண்டேன். என்னைத் தாண்டி ஒருவரும் வரவில்லை. சரிவில் மண் இளகலாக இருந்ததால் அங்கே இழுத்துப் போய்ப் புதைத்தோம்.

பிள்ளை கஞ்சியிலேயே வளர்ந்தான். கால் இரண்டும் குச்சியாக இருந்தன, அடிக்கடி வயிறு போயிற்று. பசும்பால் இல்லாத பிள்ளை அப்படித்தான் இருக்கும் என்று அக்கா சொன்னார். நானும் நம்பினேன். பெரிய மழையெல்லாம் பெய்து ஓய்ந்த பிறகும் சரிவு மொட்டையாகச் சிவந்தே கிடந்தது. மாட்டைப் புதைத்த இடத்தில் மட்டும் புல் தளதளவென்று முளைத்தது. என் மாடு தின்ற வெயிலெல்லாம் அங்கே மறுபடி எழுந்து நிற்பதாகத் தோன்றியது. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

நடக்கப் பழகியதும் என் பிள்ளை நேராக அந்தப் பச்சையைத் தேடித்தான் போனான். நான் ஓடிப் பிடிப்பதற்குள் ஒரு புல்லை மென்றுகொண்டிருந்தான். விரலை விட்டுத் தோண்டி எடுத்தேன். அவனைத் தூக்கிக்கொண்டு ஓடைக்கு ஓடி, வாய் கழுவக் கைநிறையத் தண்ணீர் அள்ளினேன்.

அள்ளிய கை அப்படியே நின்றுவிட்டது. அந்த ஓடை அதே சரிவின் அடியிலிருந்துதான் ஊறி வருகிறது. பெய்த மழையெல்லாம் மருந்து பட்ட அந்தப் புல்லையும் மண்ணையும் கழுவிக்கொண்டு அதில்தான் இறங்கியிருக்கிறது. அந்தத் தண்ணீரில்தான் இத்தனை மாதமும் அவனுக்குக் கஞ்சி காய்ச்சினேன்.

தண்ணீரைக் கீழே விட்டேன். காய்ந்த முந்தானையால் அவன் நாக்கைத் துடைத்தேன். அவனுக்குக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். துடைக்கத் துடைக்கச் சிரித்தான்.