நாய்க்கு வைத்த கூனி

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கருவாடு விற்றே வாவிக்கரையில் மாடி வீடு கட்டினேன். எங்கள் ஊரில் அப்படி இன்னொருவன் இருந்தால் காட்டுங்கள்.

என் மனைவியின் தங்கை புருஷன் பெரிய உத்தியோகத்தர். அவர் வீட்டு விருந்துக்கு என் மனைவி ஆசையாகக் கூனி வடை சுட்டுக்கொண்டு போனாள். கூனி என்பது வாவியில் பிடிக்கும் பொடி இறால், ஏழைகளின் கறி.

"இந்த மணம் வந்த ஆக்களுக்குச் சரிவராது. நாய்க்கு வைங்க" என்றார் அவர்.

மனைவி வழிநெடுக அழுதாள். நான் சும்மா விடுவேனா?

இந்த மாரி தொடங்கியதும் அவரையும் அன்று அந்த விருந்துக்கு வந்த ஆட்களையும் என் வீட்டுக்கு அழைத்தேன். கூனியை வறுத்து, துருவிய தேங்காய்ப்பூ, காய்ந்த செத்தல் மிளகாயோடு இடித்து, தேசிக்காய் பிழிந்து பிஸ்கட்டில் தடவினோம். மேலே அவித்த முட்டையில் ஒரு துண்டு. வேலை அவ்வளவுதான். மழைக்கு இதமாக இருந்ததால் தட்டுகள் உடனே காலியாகின.

"அண்ணன், இது எந்த ஹோட்டல்ல எடுத்த?" என்றார் அவர், வாய் நிறைய மென்றபடி.

"நீங்க நாய்க்கு வைச்ச அதே கூனிதான் தம்பி!" வீடே கேட்கச் சொன்னேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவர் முகம் கறுத்தது. அப்போது அவர் மனைவி மெல்லச் சொன்னாள்: "நாய் எங்க திண்ட, அத்தான்? இவருக்குத் தெரியாம நான்தான் குசினி அடுப்படியில இருந்து அவ்வளவையும் திண்டன்."

என் மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். இவ்வளவு காலமும் அந்த நாயை நினைத்தே நான் எரிந்திருக்கிறேன்.

அவரை இன்னும் மன்னிக்கவில்லை. தங்கைக்கு மட்டும் மாதாமாதம் கூனி கொடுக்கிறேன். அதை அவர் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன்.