மதகடியில் நின்ற வேன்

என் கணவர் மேர்வினுக்கு உக்குவளையில் ஒரு பட்டப்பெயர் உண்டு: ‘பொலிஸ் இல்லாத இடத்துப் பொலிஸ்’. வைத்தவர் அவருடைய கூட்டாளி அன்ஸார், த்ரீவீலர் ஓட்டுகிறவர். ஆளே இல்லாத மஞ்சள் கோட்டுக் கடவையில் மேர்வின் வண்டியை நிறுத்தி, கடப்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த ஒரு நாய்க்கு வழிவிட்டதைக் கண்ணால் கண்ட பிறகு அன்ஸார் வைத்த பெயர் அது. எங்கள் கல்யாணத்தன்றும் மாப்பிள்ளை கோயிலுக்கு அரை மணித்தியாலம் பிந்தித்தான் வந்தார். கார்க்காரன் வேகமாக ஓட்டினானாம்; இவர் நடுவழியில் இறங்கி நின்று, மெதுவாக ஓட்டுவதாக அவன் வாக்குக் கொடுத்த பிறகுதான் ஏறினாராம். நான் அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும்.

அவர் பிறந்தது உக்குவளைக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில். அப்பா இஞ்ஞாசி ரப்பர் ஸ்டோரில் வேலை செய்தவர். அம்மா மரியாயி இவர் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். பத்தொன்பது வயதில் சீகிரியாவில் ஒரு ஹோட்டலுக்குக் கோப்பை கழுவப் போனவர், சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் அங்கேயே பிடித்துக்கொண்டு, லைசன் எடுத்து, ஒரு சுற்றுலாக் கம்பனியில் வேன் சாரதியானார். இருபது வருடத்தில் ஒரு விபத்து இல்லை, பொலிஸ் ஒருதரமும் தண்டத் துண்டு எழுதியதில்லை. வெள்ளைக்காரர்கள் அவரை மெச்சி மெச்சிக் கடிதம் எழுதினார்கள். நானோ அவரோடு மாத்தளைக்குப் போய்த் திரும்புவதற்குள் பொறுமை இழந்துவிடுவேன்.

பட்ட காலிலே படும் என்பார்கள். ஈஸ்டர் அன்று கோயில்களில் குண்டு வெடித்த வருடம் வெள்ளைக்காரர்கள் வருவது நின்றது. மறு வருடம் கொரோனா வந்து ஆகாயமே பூட்டிக்கொண்டது. ஒரு வருடம் மேர்வின் தம்புள்ளையில் பூசணிக்காய் மூட்டை ஏற்றினார். அங்கேயும் லொறியில் அளவுக்கு மேல் ஏற்றக்கூடாது என்று முதலாளியோடு சண்டை. இருபத்தொன்றாம் ஆண்டு பிறந்ததும் கம்பனி கூப்பிட்டது. வெள்ளைக்காரக் குடும்பங்கள் விடுமுறைக்கு வரத் தொடங்கியிருந்தன, ஆனால் புதுச் சட்டத்தோடு.

அந்தச் சட்டத்தை அவர் எனக்கு மூன்று தரம் விளக்கினார். வருகிற குடும்பம் விமானம் ஏறுமுன் மூக்கில் குச்சி விட்டுக் காட்ட வேண்டும். இறங்கியதும் மறுபடி. ஏழாம் நாள் மறுபடி. அனுமதித்த ஹோட்டலில் தங்கி, அனுமதித்த இடத்தை மட்டும் பார்க்க வேண்டும். ஊர்ச் சனத்தோடு மூச்சுப் படக்கூடாது. ஒரே வேன், ஒரே சாரதி. சாரதியும் அவர்களோடு அதே ஹோட்டலில் படுத்து, அவர்களோடு வரிசையில் நின்று மூக்கைக் காட்ட வேண்டும். இதற்கு ‘பபிள்’ என்று பெயர். சாரதி வெளி ஆட்களோடு கலந்தால் அந்தக் குடும்பத்தின் விடுமுறை அத்தோடு முடிந்தது. எல்லாரையும் அறைக்குள் போட்டுப் பூட்டிவிடுவார்கள். பயணம் முடிந்த பிறகும் சாரதி கம்பனியின் விடுதியில் ஏழு நாள் தனியாக இருந்து, டெஸ்டில் இல்லை என்று வந்தால்தான் வீடு.

போகும்போது மாமாவுக்கு, அதாவது அவருடைய அப்பாவுக்கு, வயிற்றுப் பொருமல் மட்டும்தான். முதல் குடும்பம் போனதும் இரண்டாவது குடும்பம் வந்துவிட்டது, அதன் பிறகு மூன்றாவது. அதற்குள் மாமாவின் கண் மஞ்சளாகி, வயிறு ஊதி, கண்டியில் டொக்டர் ஈரலில் கட்டி என்று சொல்லி, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று அனுப்பிவிட்டார். அதற்கு மேல் கேட்பதற்கு எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை.

அதே லயத்து வீட்டில் மாமாவும் நானும்தான். மேர்வின் தினமும் போனில் முகம் காட்டுவார். ஒருநாள் தனக்குத் தடுப்பூசி போட்டுவிட்டதாகச் சொல்லி அட்டையைக் காட்டினார். சுற்றுலா வேலைக்காரர்களுக்கு முதலில் போட்டார்கள். மாமாவின் பெயர் பட்டியலிலேயே இன்னும் வரவில்லை. அப்பாவுக்கு முன்னால் எனக்கா என்று வெட்கப்பட்டார். வெட்கப்பட்டு என்ன செய்ய, வரவா முடிந்தது? மாமா போனைக் கையால் தள்ளினார்.

“போன்ல மூஞ்சியக் காட்டாதடா. ஆளைக் காட்டு” என்றார்.

அதன் பிறகு அவர் போனில் பேசவே இல்லை. தண்ணீர்ப் பீலியடியில் சனம் பேசியது. காசுக்காக அப்பனைக் கைவிட்டவன் என்றார்கள். குடத்தை வைத்துவிட்டு நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்தேன். ஆனால் வீட்டுக்கு வந்து அவர்கள் சொன்னதையேதான் நினைத்தேன். எனக்கு அவர் மேல் அவ்வளவு கோபம்.

மூன்றாவது குடும்பம் போலந்துக்காரர்கள். தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள். அவர்களைச் சீகிரியாவிலிருந்து கண்டிக்குக் கூட்டிப் போகும் பாதை மாத்தளை வழியாகத்தான். அதற்கு முதல் நாள் மேர்வின் என்னைக் கூப்பிட்டு ஒரு யோசனை சொன்னார். பலாபத்வலைக்கு அந்தப் பக்கம் ஒரு மதகு வேலை நடக்கிறது, எல்லா வண்டியும் ஊர்ந்துதான் வரும். பத்து மணிக்கு அப்பாவை அங்கே கூட்டிக்கொண்டு வந்து, சாரதியின் யன்னல் பக்கமாக, வலது கரையில் நிற்க வேண்டும். தான் யன்னலை இறக்கி மெதுவாகப் போவாராம், அப்பா ஆளைப் பார்த்துக்கொள்ளலாம்.

“ஆனா நிப்பாட்ட மாட்டேன் பிரசாந்தி. வண்டியில கருவி பூட்டியிருக்கு, நின்னா கம்பனிக்குத் தெரியும். கை காட்டி மறிச்சிடாதீங்க.”

பெற்ற தகப்பன் சாகக் கிடக்கிறார், பாதையில் நாலு விநாடி காட்சி கொடுக்கப் போகிறாராம். திட்ட வாயெடுத்தேன். மாமா பாயிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தவர், சவரம் செய்யத் தண்ணீர் சுடவைக்கச் சொன்னார்.

காலையில் அன்ஸார் வந்து மாமாவைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கி த்ரீவீலரில் வைத்தார். மாமா கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அது இப்போது தோளில் தொங்கியது. பின்னால் ஒரு பிளாஸ்டிக் கதிரையையும் கட்டிக்கொண்டோம். ஒன்பது மணிக்கே மதகுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு அவரை உட்காரவைத்துக் குடை பிடித்தேன். வருகிற ஒவ்வொரு வேனுக்கும் மாமா எழும்பப் பார்த்தார். மரக்கறி வேன், பள்ளிக்கூட வேன், சவப்பெட்டி வேன், எல்லாவற்றுக்கும்.

பத்தே கால் போல வெள்ளை வேன் வளைவில் தெரிந்தது. முன் கண்ணாடியில் கம்பனிச் சீட்டு. மதகுக்கு இன்னும் நூறு யார் தூரம் இருக்கும்போதே வேகம் குறைந்தது. இடது கரையில் ஒதுங்கியது. நின்றது.

“நிப்பாட்டிட்டான்” என்றார் மாமா.

கதிரையைத் தள்ளிவிட்டு நடக்கத் தொடங்கினார். இரண்டு மாதமாகக் கக்கூசுக்குக் கூடத் தாங்கித் தாங்கிக் கொண்டுபோன மனிதர். நானும் அன்ஸாரும் பின்னால் ஓடினோம். மறிக்கக்கூடாது, கலக்கக்கூடாது எல்லாம் எனக்கு மறந்துவிட்டது. என் கோபமும் மறந்துவிட்டது. நிறுத்திவிட்டாரே, எனக்கு அது போதும்.

மேர்வின் இறங்கினார். மாஸ்க், அதற்கு மேலே கண்ணாடி மறைப்பு. எங்கள் பக்கம் பார்க்கவே இல்லை. வேனைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் ஓடினார். கிட்டே போகப் போகத்தான் எங்களுக்கு விளங்கியது. வேனுக்கு அடியால் நாலு கால் தெரிந்தன, இரண்டு பெரியவை, இரண்டு சின்னவை. பிள்ளை வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. வருகிற வழியில் நாலந்தைப் பக்கத்து மலை வளைவுகள் யாருடைய குடலையும் புரட்டும். மேர்வின் போத்தலிலிருந்து தண்ணீர் ஊற்றுவதும் தெரிந்தது. வண்டி நின்றது எங்களுக்காக அல்ல.

மாமா நின்றுவிட்டார். நான் அவருடைய தோளைப் பிடித்தேன். அப்போதுதான் மேர்வின் வேனுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து எங்களைக் கண்டார். இரண்டு கையையும் தூக்கி, வர வேண்டாம் என்று காட்டினார். எங்களுக்கும் அவருக்கும் நடுவில் இரண்டு பஸ் நீளம் இருக்கும். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு அந்த மறைப்பை மேலே தள்ளி, மாஸ்க்கைக் கழற்றினார். அப்பாவுக்கு ஆளைக் காட்டினார்.

மாமா வலது கையைத் தூக்கி, அவ்வளவு தூரத்திலிருந்து, மகனுடைய நெற்றி இருந்த திசையில் சிலுவை அடையாளம் போட்டார். மேர்வின் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். பிறகு மாஸ்க்கைப் போட்டு, ஏறி, எங்களைக் கடந்து போனார்.

திரும்பி வரும்போது உக்குவளைச் சந்தியில் மாமாதான் வாய் திறந்தார்.

“அந்தப் புள்ளைக்கு வயித்தக் கலக்கிருச்சி போல” என்றார். கொஞ்சம் பொறுத்து, “நீங்க ரெண்டு பேரும் ஒண்ணும் பாக்கல, சரியா?” என்றார்.

லயத்தில் இறங்கியதும் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அவரே சொன்னார்: என் மகன் சட்டம் கிட்டம் ஒன்றும் பார்க்கவில்லை, அப்பனைக் கண்டதும் நடு ரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டான். பீலியடிக்காரர்களையும் ஆள்விட்டுக் கூப்பிட்டுச் சொன்னார். அன்று ஒரு கோப்பைக் கஞ்சி முழுதாகக் குடித்தார். அன்ஸார் என்னைப் பார்த்தார். நான் கஞ்சிச் சட்டியைக் கழுவப் போனேன்.

இனி சொல்லப் போவதை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. கண்டி ஹோட்டலுக்குப் போனதும் மேர்வின் கம்பனிக்குத் தானாகவே போன் எடுத்து எல்லாவற்றையும் அறிவித்திருக்கிறார். பிள்ளை வாந்தி எடுத்தது, வண்டி ஏழு நிமிடம் நின்றது, வெளி ஆட்கள் மூன்று பேருக்கு முன்னால் தான் ஒரு நிமிடம் மாஸ்க் இல்லாமல் நின்றது. வண்டி நின்றது கருவியில் தெரிந்திருக்கும், அதற்குப் பிள்ளையின் வாந்தியே காரணம்; மாஸ்க் கழற்றியதை அவர் சொல்லாவிட்டால் எவனுக்குத் தெரியும்? எல்லாருக்கும் மறுபடி குச்சி விட்டார்கள், ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. போலந்துக்காரர்கள் தங்கள் விடுமுறையைத் தொடர்ந்தார்கள். இவருக்கு மட்டும், ஏழு நாளாக இருந்த தனிமையைக் கம்பனி பதினான்கு நாளாக்கியது.

ஏழு நாள் என்றால், மாமா கண்ணை மூடியதற்கு இரண்டு நாள் முன்னால் வீட்டுக்கு வந்திருப்பார். பதினான்கு என்றதால், மாமாவை அடக்கம் செய்து நாலாம் நாள் வந்தார். கடைசி நேரத்தில் கொண்டுபோன ஆஸ்பத்திரியில் உடலைக் கொடுக்குமுன் மாமாவின் மூக்கிலும் குச்சி விட்டுப் பார்த்தார்கள். இல்லை என்று வந்தது. அடக்கத்துக்கு இருபத்தைந்து பேருக்கு மேல் வரக்கூடாது என்றார்கள். அன்ஸார் போனைத் தூக்கிப் பிடித்தார், மகன் விடுதி அறையிலிருந்து பார்த்தார்.

வந்தவரிடம் நான் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் பேசினார்கள். எல்லாரும் ஒரே பேச்சு: நீ வண்டிய நிப்பாட்டினியாமே, அப்பா சொல்லிச் சொல்லிப் பூரிச்சாரே, நாங்கதான் உன்னைத் தப்பா நெனச்சிட்டோம். பீலியடியில் அதிகம் வாயாடிய கிழவி அவருடைய கையைப் பிடித்து அழுதாள். ஒவ்வொரு தரமும் மேர்வின் உண்மையைச் சொல்ல வாயெடுத்து, அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணி எடுக்கப் போவார். பொய் சொல்லத் தெரியாத மனிதருக்கு அந்தப் புகழ்ச்சி உள்ளுக்குள் அறுத்தது.

அவர் வந்த மூன்றாம் நாள் காலையில் இருவரும் சேமக்காலைக்குப் போனோம். சிலுவைக்குக் கீழே இன்னும் ஈர மண். மெழுகுவர்த்தியைக் கொளுத்திவிட்டு அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்.

“நான் அப்பாவுக்காக நிப்பாட்டல பிரசாந்தி. அந்தப் புள்ள வாந்தி எடுத்திச்சி. எடுக்கலேன்னா நான் போயிருப்பேன். ஊரே கையெடுத்துக் கும்பிடுது. அப்பா ஏமாந்து போயிட்டாரு.”

எனக்கிருந்த கோபத்துக்கு, ஆமாம் என்று விட்டுவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. உண்மையாகவே வந்தது.

“மாமா ஏமாறலங்க. வேனுக்கு அடியால புள்ளையோட காலை நாங்க மூணு பேருமே பாத்தோம். ஒங்கள யாரும் ஒண்ணும் சொல்லிடக் கூடாதுன்னுதான் லயத்துல அப்படிச் சொன்னாரு.”

அவர் அணையப் போன மெழுகுவர்த்தியைக் கையால் மறைத்தார். பிறகு கேட்டார்.

“தெரிஞ்சுமா சிலுவை போட்டாரு?”

“தெரிஞ்ச பொறகுதாங்க போட்டாரு.”

அங்கே எங்கள் இருவரையும் தவிர யாரும் இல்லை. அப்படியிருந்தும் அதுவரை மூக்குக்கு மேல் ஒழுங்காக இழுத்துப் போட்டிருந்த மாஸ்க்கை மேர்வின் கழற்றினார். ஈர மண்ணில் முழங்காலிட்டு, அன்றைக்குப் போலவே தலையைக் குனிந்தார்.